நான் பார்க்காமல் விட்டது

விடிவதற்கு முன்பே தெருவில் தறிக்கான பாவு நூலை விரித்துவிட்டார்கள். நூலுக்குத் தடவும் கஞ்சியின் வாசனை ஜன்னல் வழியாக என் மேசை வரைக்கும் வந்திருக்கிறது. இந்த வாசனை பட்டாலே உனக்குப் பசிக்கும். "உங்க தெருவே சோறு வடிச்ச மாதிரி மணக்குதுடி" என்று சொல்லிக்கொண்டேதான் ஸ்கூட்டரை நிறுத்துவாய். இன்று வாசனை மட்டும் வந்தது. மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, நீ எழுதிய கோப்புகளைத் திறக்காமல் அரை மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். அந்த நேரத்தில் உனக்கு நாலு வார்த்தை எழுதலாம் என்று தோன்றியது.

திறந்துதான் ஆகவேண்டும். நேற்று சாயங்காலம் ஏழுமலை அண்ணன் வந்தார். எங்கள் பிள்ளையார்பாளையத்தில் கோர்வைப் புடவை என்றால் அவரும் அவர் மனைவி கமலா அக்காவும்தான். போனில் நம் இணையப் பக்கத்தைத் திறந்து என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இன்னாமா இது, செவ்வாக்கிழமை அமாவாசை லீவுன்னு காட்டுது? நாம புதன்கிழமைதான எடுக்குறோம்?"

பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். பங்குனி அமாவாசை செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்கு மேல் தொடங்கி, புதன் மத்தியானம் வரைக்கும் இருந்தது. எங்கள் தெருவுக்கு அது புதன்தான். நம் பக்கம் செவ்வாய் என்று வைத்துக்கொண்டிருக்கிறது.

வெளியாருக்கு இது ஒரு நாள் வித்தியாசம், அவ்வளவுதான். இந்தத் தெருவில் அமாவாசையன்று யாரும் தறியில் கை வைக்க மாட்டார்கள். நம் பக்கமோ, விடுமுறை என்று குறிக்காத நாளில் எல்லாத் தறிக்கும் எதிரில் 'நெய்துகொண்டிருக்கிறது' என்று தானாகவே பச்சை எழுத்தில் போட்டுவிடும். அப்படியே விட்டால் புதன்கிழமை காலையில் முப்பது தறியும் அமாவாசையன்று ஓடுவதாக ஊருக்கே சொல்லும். முன்பு ஒரே ஒரு தறிக்கு அப்படி நடந்தபோது நாம் பட்ட பாடு உனக்குத் தெரியும். இன்று திங்கள்.

சரி செய்ய இப்போது நான் ஒருத்திதான் இருக்கிறேன். ஆனால் திரைக்குப் பின்னால் கணக்குப் போடும் சர்வர் பக்கத்து நிரல் முழுக்க உன் கை. படம், நிறம், எழுத்து, எந்தப் பொத்தான் எங்கே வரவேண்டும், இவைதான் என் பங்கு. நீ போன இந்த இரண்டு மாதத்தில் உன் பக்கத்துக் கோப்பு ஒன்றைக்கூட நான் தொடவில்லை. தொட்டால் எதையாவது உடைத்துவிடுவேனோ என்ற பயம் பாதி. உன் எழுத்தைப் பார்த்ததும் அழுதுவிடுவேன் என்பது மீதி.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில் மாமனாரின் தறிகளுக்காக நானே ஒரு இணையப் பக்கம் செய்திருந்தேன். எட்டுத் தறி, எட்டுப் படம். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் எத்தனை முழம் நெய்தாயிற்று, புடவை என்றைக்குக் கிடைக்கும் என்று கையால் தட்டி வைத்திருந்தேன். தினமும் காலையில் தறி தறியாகப் போய்க் கேட்டு, எண்களை மாற்றி, கோப்பைத் திரும்ப ஏற்றுவேன். ஒருமுறை தம்பி கல்யாணத்துக்குப் போய்விட்டு நான்கு நாள் கழித்து வந்தேன். நான்கு நாளும் எந்தத் தறியும் அசையவில்லை என்று பக்கம் சொல்லிக்கொண்டிருந்தது. சேலத்திலிருந்து ஒரு மணப்பெண்ணின் அப்பா போன் செய்து மாமாவைப் பிடிபிடி என்று பிடித்துவிட்டார்.

அந்த வாரம்தான் ராஜவீதி ஓட்டலில் உன்னிடம் புலம்பினேன். ஏனாத்தூர்க் கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாளிலிருந்து எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் உன்னிடம்தான் புலம்பல். நீ அப்போது சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தாய். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, வெங்காயம் போடாத ஒரு தோசை சொன்னாய்.

"உன் பக்கம் குடலை இட்லிடி. காலையில மூங்கில் குடலையில ஒருவாட்டி ஒண்ணா வெந்துதுன்னா அவ்ளோதான். யாரு வந்து கேட்டாலும் அதையேதான் வெட்டிக் குடுக்கணும். தோசை அப்படி இல்ல, பாரு. கேட்டப்புறம்தான் ஊத்துறாங்க. அந்த டேபிளுக்குப் பொடி தோசை, எனக்கு வெங்காயம் இல்லாம. மாவு ஒண்ணு, கல்லு ஒண்ணு, வர்றது வேற வேற."

"எனக்குத் தோசை வேணாம், வழி சொல்லு" என்றேன்.

"அதைத்தான் சொல்லிக்கினு இருக்கேன். மாவு டேட்டாபேஸ், கணக்கெல்லாம் இருக்குற இடம். கல்லு டெம்ப்ளேட், பக்கத்தோட அச்சு. யாரு இன்னா கேட்டாங்கன்னு பாத்து எந்தக் கல்லுக்குச் சொல்லணும்னு தெரிஞ்சவரு யூஆர்எல். ஊத்துற கை இருக்குது பாரு, அத மட்டும் நாம எழுதணும். அடுப்பு, பாத்திரம், கரண்டி எல்லாம் ஃபிரேம்வொர்க்னு ரெடிமேடா வருது, அதுவே குடுத்துடும்."

"கழுவுறது?"

"அது நீ."

இதுவரை எத்தனையோ பாடங்களும் வீடியோக்களும் பார்த்துவிட்டேன். சர்வர் பக்கம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் என் வாயில் முதலில் வருவது அந்தத் தோசைதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாய். ஆனால் அதைத் திறக்கவில்லை. "முதல் கமாண்டை உன் மெஷின்ல நீ அடி. அப்பதான் இது உன்னுதுன்னு ஒரு பயம் இருக்கும்" என்றாய். அடித்தேன். ஒரு கோப்புறை முளைத்தது, அதற்குள் ஏழெட்டுக் கோப்புகள். இன்னொரு வரி அடித்ததும் உலாவியில் ஒரு வரவேற்புப் பக்கம் வந்தது. பெரிய சாதனை செய்தது போல மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாம் சரி, புடவை எங்கம்மா?"

நீ சிரித்த சிரிப்பில் தறிக்கூடத்தில் இரண்டு பேர் நெசவை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். போகும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னாய்: "அந்த செட்டிங்ஸ் கோப்பு இருக்குது இல்ல, அத ஒருவாட்டி மேல இருந்து கீழ வரைக்கும் படிச்சிடு. அதுல வேற எவனோ நமக்காக முடிவு பண்ணி வச்சது நிறைய இருக்கும்." மறு வாரம் படித்தாயா என்று கேட்டாய். படித்துவிட்டேன் என்றேன். ஐந்தாவது வரியிலேயே கொட்டாவி வந்து, நான் பக்கத்துக்கு அரக்கு நிறமா, மாம்பழ நிறமா என்று பார்க்கப் போய்விட்டேன் என்பது உனக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் இன்று வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரவெல்லாம் கண்விழித்து நிரல் எழுதுவார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். உன்னிடம் அது நடக்காது. பொழுது சாய்வதற்கு முன்னால் சாப்பிட்டாக வேண்டும், திருப்பருத்திக்குன்றத்தில் உங்கள் சமணக் குடும்பத்து வழக்கம் அது. ஐந்து மணி ஆனதும் எப்பேர்ப்பட்ட சிக்கலாக இருந்தாலும் மூடி வைத்துவிட்டு டிபன் டப்பாவைத் திறப்பாய். முடியாத சிக்கல் மறுநாள் காலையில் பத்து நிமிடத்தில் அவிழ்ந்துவிடும். அதைப் பார்த்து எனக்கு எரிச்சல்கூட வந்திருக்கிறது. உங்கள் வீட்டில் பட்டும் உடுத்த மாட்டீர்கள், புழுவைக் கொன்று எடுக்கிற நூல் என்று. "பட்டு கட்ட மாட்டே, பட்டுக்கு புரோகிராம் மட்டும் எழுதுவியா?" என்று ஒருநாள் சீண்டினேன். நீ கோபித்துக்கொள்ளவில்லை. "நான் எழுதுறது பட்டுக்கு இல்லடி, நெய்றவங்களுக்கு. அவங்க சொன்ன தேதில குடுத்தாங்கன்னு நாலு பேருக்குத் தெரியணும் இல்ல" என்றாய்.

நெசவைத் தெரிந்துகொள்ளாமல் நிரல் எழுத மாட்டேன் என்று ஏழுமலை அண்ணன் தறிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு மூன்று நாள் உட்கார்ந்தாய். கோர்வையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் குறுக்கே ஓடும் ஊடுநூலால் ஒவ்வொரு இழையாகக் கோத்துக்கொண்டே போகவேண்டும். அண்ணன் உடலை நெய்ய, கமலா அக்கா எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கரைக்கு ஊடுநூல் சுற்றிய நாடாவை எறிவார். இரண்டாம் நாள், சேருகிற இடத்தில் நாலு விரல்கடை விலகியிருந்ததை அண்ணன் பார்த்தார். குனிந்து இழை இழையாகப் பிரிக்க ஆரம்பித்தார். அக்கா காத்திருந்தார்.

"யாரு விட்டதுண்ணே, நீங்களா அக்காவா?" என்று கேட்டாய்.

"கோர்வைல அதெல்லாம் கேக்கறது இல்லம்மா" என்றார் அண்ணன், தலையை நிமிர்த்தாமல். "பாத்தவங்க பிரிக்கணும். அவ்ளோதான்."

"கேட்டுக்கினு இருந்தா பொழுதுக்கும் சண்டைதான்" என்றார் அக்கா. "இருபது வருஷம் எதுருக்கு எதுரு ஒக்காந்துக்கினு இருக்கோமே."

நீ உன் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டாய். முழக்கணக்கு என்று நினைத்தேன்.

பக்கம் இணையத்தில் ஓட ஆரம்பித்த பிறகு தெருவே வந்து சேர்ந்துகொண்டது. சாயங்காலம் தறியை விட்டு இறங்கும்போது அவரவர் போனில் இத்தனை முழம் என்று தட்டுவார்கள். அடுத்த நொடியில் புடவைக்குச் சொன்னவர் எந்த ஊரிலிருந்து பார்த்தாலும் புதுக் கணக்கோடு பக்கம் வரும். நடுவில் நான் ஓடவேண்டியதில்லை. புடவை எந்தத் தேதியில் முடியும் என்று நீ எழுதிய நிரல் சொல்வதற்கு மட்டும் விடுமுறை நாட்கள் தெரியவேண்டும். அமாவாசையைக் கணினியே கணித்துவிடாதா என்று கேட்டேன்.

"வானத்து அமாவாசைய அது சொல்லிடும். உங்க தெரு அமாவாசைய ஏழுமலை அண்ணன்தான் சொல்லணும்" என்றாய். திதி இரண்டு நாளில் பரவிக் கிடந்தால் எந்த நாளை எடுப்பது என்று இவர்களுக்குள் ஒரு முறை இருக்கிறது. அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அண்ணனுக்குப் போன் செய்து கேட்டு, விடுமுறைக் கோப்பில் நீயே தேதிகளைச் சேர்ப்பாய்.

அப்படியும் முந்தின வருஷக் கார்த்திகையில் ஒருமுறை இடறிவிட்டோம். அமாவாசை முடிந்த மறுநாள், விட்ட நாளைப் பிடிக்க அண்ணனும் அக்காவும் விடியற்காலை நாலு மணிக்கே தறியில் உட்கார்ந்திருக்கிறார்கள். கல்யாணப் புடவை. பெண்ணின் அம்மா பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பவர். அவர் மனசு ஆறட்டும் என்று ஐந்து மணிக்கே அரை முழம் என்று அண்ணன் தட்டிவிட்டார். நம் நிரல் ஓடுகிற கணினியின் கடிகாரமோ நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கி இருந்தது. இங்கே காலை ஐந்தரை ஆகும் வரை அதற்கு நேற்றுதான். எல்லோரும் சாயங்காலத்தில் பதிந்தவரை அது நம் கண்ணில் படவே இல்லை. அன்று மட்டும் பக்கத்தில், அமாவாசைத் தேதிக்கு நேராக, ஏழுமலை தறி, அரை முழம் என்று வந்துவிட்டது.

மத்தியானத்துக்குள் ஆரணியிலிருந்து அவர் சம்பந்தி போன் செய்து, அமாவாசையில்கூட ஓட்டுகிறீர்களாமே என்று கேட்டுவிட்டார். அண்ணன் எங்கள் வாசலில் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"எங்க அப்பா காலத்துல இருந்து ஒரு அமாவாசைக்கும் நாடா தொட்டது இல்ல. என் பேர எடுத்துடும்மா."

அவருக்குப் பின்னாலேயே பதினோரு தறிக்காரர்கள் தங்கள் பெயரையும் எடுக்கச் சொன்னார்கள். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். உனக்குப் போன் செய்து அழுதேன். நீ அரை மணியில் வந்தாய். நேராக அவர் வீட்டுக்குப் போனாய். நான் பின்னாலேயே வந்தேன். ஆளுக்கு ஒரு டம்ளர் காபி வந்தது. உன் டம்ளரை நீ தொடவில்லை.

"அண்ணே, நீங்க நெய்தது நேத்து இல்ல, இன்னைக்கு. அந்தக் கடியாரம் வேற ஊரு நேரத்துல ஓடிக்கினு இருந்துது. அத நான்தான் பாக்காம விட்டுட்டேன். தப்பு என்னுது. உங்க சம்பந்திக்கு நானே போன் பண்ணிச் சொல்றேன்."

சொன்னபடி அவர் எதிரிலேயே ஆரணிக்குப் போன் போட்டாய். முன்பின் தெரியாத பெரியவரிடம், இது என் தவறு, அண்ணன்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று நிதானமாக எடுத்துச் சொன்னாய். மறுநாள் அந்தக் குளிரில் சால்வையைச் சுற்றிக்கொண்டு நாலே முக்காலுக்கு அவர் தறிக்கு வந்து உட்கார்ந்தாய். அண்ணன் தட்டினார். சரியான தேதி வந்தது. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இப்பதான் முழிச்சிக்கிச்சு" என்றார்.

பெயரை எடுக்கச் சொன்ன பதினோரு பேரும் சாயங்காலத்துக்குள் வழக்கம்போல முழம் தட்டினார்கள். அன்று நீ எங்கள் வீட்டில் நாலு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டாய்.

இதற்கு மேல் எழுதிக்கொண்டே இருந்தால் திங்கள் போய்விடும். கோப்பைத் திறக்கிறேன்.

திறந்துவிட்டேன். ஒன்றும் உடையவில்லை. உன் நிரல் உன் சமையலறை போலத்தான் இருக்கிறது, எதைத் தேடினாலும் இருக்கவேண்டிய இடத்தில். நான் பயந்த அளவுக்கு அழவும் இல்லை, கொஞ்சம்தான்.

விடுமுறைக் கோப்பைத் தேடிப் போகும் வழியில் செட்டிங்ஸ் கோப்பு கண்ணில் பட்டது. எந்த வரியை யார், எப்போது, எதற்காக மாற்றினார்கள் என்று வரலாறு இருக்கிறது அல்லவா, அதைத் தட்டினேன். நேரத்தைக் குறிக்கும் வரி, அந்த வேறு ஊர் நேரத்தோடு, முதலில் வந்தது என் பெயரில். நான் அடித்த அந்த முதல் கமாண்டோடு வந்தது. நான் படித்துவிட்டேன் என்று உன்னிடம் சொன்ன கோப்பில், நான் பார்க்கவே பார்க்காத ஒரு வரி. அதற்கு மேலே உன் திருத்தம். நீ எழுதிய குறிப்பு: 'நேரம் நம் ஊருக்கு மாற்றப்பட்டது. நான் பார்க்காமல் விட்டது.'

நான் படிக்கவில்லை என்று அன்றைக்கே உனக்குத் தெரிந்திருக்கிறது. ஏழுமலை அண்ணன் வீட்டில் உன் பக்கத்தில் உட்கார்ந்து, நல்லவேளை என் பங்கில் தவறில்லை என்று நிம்மதியாக நான் காபி குடித்தேன். நீ அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பாய். அதற்குப் பிறகு எத்தனை சண்டை போட்டிருக்கிறோம். ஒரு சண்டையிலும் இதை நீ எடுக்கவில்லை. எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. வெட்கத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகமாக இருக்கிறது, இப்படி ஒருத்தி எனக்குத் தோழியாக இருந்தாள் என்று.

பிறகு விடுமுறைக் கோப்பு. தை அமாவாசை சரி, மாசி சரி. பங்குனிக்குச் செவ்வாய்க்கிழமைத் தேதி. சேர்த்தது நீ, மார்கழிக் கடைசியில், சாயங்காலம் ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு. அந்த நேரத்தைப் பார்த்ததும் எனக்கு அந்த அறை முழுக்க ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு மடியில் கணினியை வைத்திருந்தாய். எதிர்ச் சுவரில் புது வருஷத்துக் காலண்டர். நான் உனக்கு இட்லி கொண்டுவந்திருந்தேன்.

"ரெண்டு நிமிஷம்டி, அமாவாசையப் போட்டுட்டு வந்துடறேன். ஏழுமலை அண்ணனுக்கு ஒரு போன் போடணும்."

"அவரு எங்கயும் ஓடிட மாட்டாரு. பொழுது சாயுது, சாப்பிடு முதல்ல" என்றேன்.

நீ சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துத் தேதியைத் தட்டிவிட்டு மூடினாய். காலண்டரில் திதி தொடங்குகிற நாளைப் போட்டிருந்தான். இரண்டு இட்லி சாப்பிட்டாய். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நான் திரையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு நீ சாப்பிட்டால் போதும் என்று இருந்தது. இப்போதும் அதற்காக நான் வருத்தப்படவில்லை. தை முடிவதற்குள் போய்விட்டாய்.

தேதியைப் புதனாக மாற்றினேன். சோதித்துப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை பச்சை, புதன்கிழமை முப்பது தறிக்கும் விடுமுறை. என்ன மாற்றினாய் என்று கணினி குறிப்புக் கேட்டது. வேறு ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. 'பங்குனி அமாவாசை சரி செய்யப்பட்டது. நான் பார்க்காமல் விட்டது' என்று எழுதி ஏற்றினேன்.

தெருவில் பாவைச் சுருட்டிவிட்டு ஏழுமலை அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். போனைத் திறந்து பார்த்தார். முகம் தெளிந்தது.

"அந்தப் பொண்ணு இப்படியெல்லாம் பாக்காம உடாதேம்மா" என்று ஆரம்பித்தார். "ஒடம்பு முடியாம..."

"அவ இல்லண்ணே. நான் பாக்காம விட்டது."

போனைச் சட்டைப் பையில் போட்டார்.

"பிரிச்சிட்டியா?"

"பிரிச்சிட்டேன்."

"சரிம்மா" என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போனார்.

அவரிடம் சித்திரை, வைகாசி, ஆனி மூன்று மாதத்துக்கும் கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன். இனிமேல் இது என் வேலை. கஞ்சி வாசனை இன்னும் போகவில்லை. எனக்கும் பசிக்கிறது. எழுந்து போவதற்கு முன் அந்த செட்டிங்ஸ் கோப்பை இன்னொருமுறை திறந்தேன். மேலே முதல் வரியிலிருந்து கீழே கடைசி வரி வரைக்கும் போனேன்.

படிச்சிட்டேன்டி. இந்தத் தடவை நிஜமாகவே படிச்சிட்டேன்.